சவுனாச் சுவருக்கு அந்தப் பக்கம்

ஹில்க்கா புர்ஹோனன் எதற்கெல்லாம் பயப்படுவாள் என்று எழுதப் புகுந்தால் பொழுது விடிந்துவிடும். எதற்குப் பயப்பட மாட்டாள் என்பதைச் சட்டென்று சொல்லிவிடலாம். பனிக்குப் பயமில்லை, இருட்டுக்குப் பயமில்லை, காட்டில் பழம் பொறுக்கப் போனபோது கரடி எதிரே வந்தும் வாளியைக் கீழே போடாமல் வீடு வந்து சேர்ந்தவள். பயமெல்லாம் மனிதர்களிடம்தான். வெளியே கிளம்ப வேண்டுமென்றால் முதலில் வாசற்கதவின் துளைக்கண்ணாடியில் ஒரு கண்ணை வைத்து மாடிப்படியைப் பார்ப்பாள். எதிர்வீட்டுக்காரர் படியில் இறங்கிக்கொண்டிருந்தால் கீழ்க்கதவு சாத்துகிற சத்தம் கேட்கும் வரை கோட்டும் தொப்பியுமாக உள்ளேயே நின்று வேர்த்துக்கொண்டிருப்பாள். பின்லாந்தின் ஈசால்மி ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை. எதிர்வீட்டுக்காரரும் அவர் பக்கத்துத் துளையில் கண் வைத்து அவள் போய்த் தொலையட்டும் என்று காத்திருக்கிறவர்தான். ஒரு தடவை இரண்டு பேரும் இப்படியே நின்று, இரண்டு பேருமே பஸ்ஸைக் கோட்டை விட்டார்கள்.

முப்பது வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். அந்த வேலை அவளுக்கு வாய்த்தது பெரிய புண்ணியம். இயந்திரங்கள் போடுகிற இரைச்சலில் யாரும் யாரிடமும் பேச முடியாது. போர்வைகள் வரும், போகும். ஓய்வு பெற்ற பிறகு நூலகத்துச் சுவரில் ஒரு அறிவிப்பைப் பார்த்தாள். மனம் உடைந்தவர்கள் கம்ப்யூட்டர் வழியாக எழுதிப் பேசுகிற உதவிச் சேவைக்குத் தன்னார்வலர்கள் தேவை. அதன் கீழே ஒரு வரி: ஆறுதல் சொல்லத் தெரிய வேண்டியதில்லை, கூட இருந்தால் போதும். அந்த வரியைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பதிவு செய்துகொண்டாள்.

"நீயா? தபால்காரன் மணி அடிச்சா மேஜைக்கடியில ஒளிஞ்சுக்கிறவ நீ!" என்று அவள் கணவன் என்சியோ வாய்விட்டுச் சிரித்தான்.

"அங்க யாரும் மணி அடிக்க மாட்டாங்க. எழுதத்தான் போறாங்க" என்றாள்.

வியாழக்கிழமை தோறும் மாலையில் அவளுடைய முறை. எழுதுகிறவர்களின் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கக் கூடாது. கேட்க ஆள் இருக்கிறது என்பதற்கு அவர்கள் திரையில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். அவர்களாக ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். அப்படி வந்தவர்தான் சார்க்கி. அந்த ஊர் ஏரிகளில் வலைக்கு வலை வந்து விழுகிற, யாரும் ஆசைப்பட்டுச் சமைக்காத முள் மீனின் பெயர் அது. சார்க்கி வியாழக்கிழமைகளில் மட்டும் வருவார். அந்த நேரத்தில் பணியில் இருப்பது இரண்டே பேர் என்பதால் பெரும்பாலும் ஹில்க்காவிடமே வந்து விழுவார். நிறைய எழுத மாட்டார். "மழை." "மழையேதான்." "இங்கயும்." இப்படிப் போகும் பேச்சு. ஹில்க்காவுக்கு அது பிடித்திருந்தது.

கம்ப்யூட்டர் முதலில் கூடத்தில்தான் இருந்தது, மோடம் பெட்டிக்குப் பக்கத்தில், கனமான கேபிளோடு. பழைய பெரிய பெட்டிக் கம்ப்யூட்டர். வைஃபை என்கிற சங்கதியே அதற்குள் கிடையாது, தேவைப்படவும் இல்லை. இலையுதிர் காலத்தில் என்சியோவுக்கு இடுப்பு எலும்பு மாற்றினார்கள். ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தவன் கூடத்துச் சோபாவில் கால் நீட்டி ஐஸ் ஹாக்கி பார்க்க ஆரம்பித்தான். சேவையின் விதியோ, சாத்திய கதவுக்குப் பின்னால் தனியாக உட்கார வேண்டும் என்பது. கூடமும் சமையலறையும் ஒன்றாகத் திறந்து கிடக்கிற வீட்டில் கதவுக்கு எங்கே போவது?

"வேணும்னா நான் மாடிப்படியில போய் உக்காந்துக்கறேன். எதிர்வீட்டுக்காரன் அப்புறம் வசந்த காலம் வரைக்கும் வெளியவே வரமாட்டான்" என்றான் என்சியோ.

கடைசியில் கம்ப்யூட்டரைக் கோடி அறைக்கு மாற்றினார்கள். மகள் கல்யாணமாகிப் போன பிறகு காலியாகக் கிடந்த சின்ன அறை அது. ஒரு பக்கம் சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரி, ஆகவே மேஜை மறுபக்கச் சுவரை ஒட்டித்தான் போட முடிந்தது. கேபிளை இழுத்துவிடலாம் என்றால், பயிற்சி கொடுக்க வந்த நர்ஸ் வீட்டிலிருந்த விரிப்புகளையே சுருட்டி வைக்கச் சொல்லியிருந்தாள், தரையில் ஒரு நூல்கூடக் கிடக்கக் கூடாதாம், ஊன்றுகோல் தடுக்கி விழுந்தால் மறுபடியும் ஆஸ்பத்திரிதான். ஆக, வைஃபை அடாப்டர் ஒன்று வாங்க வேண்டியதாயிற்று.

அதை ஹில்க்கா எப்படித் தேர்ந்தெடுத்தாள் என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். கடையில் பணம் கட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டில், விரல் நகம் அளவுக்கு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போய்ச் சுற்றினால் யாராவது வந்து "என்ன வேணும்?" என்று கேட்டுவிடுவார்கள். இது கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. அதோடு, பார்ப்பதற்குச் சாதுவாக இருந்தது. அவளைப் பயமுறுத்தாத பொருள் அந்தக் கடையிலேயே அது ஒன்றுதான், அதனால் வாங்கிவிட்டாள்.

முதல் வாரம் தள்ளாடித் தள்ளாடி ஓடியது. அடுத்த வியாழக்கிழமை சார்க்கி வந்தார். வழக்கமான மழைப் பேச்சு இல்லை. வெகு நேரம் ஒன்றும் வரவில்லை, பிறகு ஒரே ஒரு வரி வந்தது: "இன்னைக்கு ராத்திரியத் தாண்டுவேனான்னு தெரியல."

ஹில்க்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது எல்லாம் மறந்துபோயிற்று. விரல்கள் தானாக அடித்தன: "நான் இங்கேதான் இருக்கேன்." பொத்தானை அழுத்தினாள். அதே கணத்தில் திரையின் மூலையில் இருந்த வைஃபை குறியின் மேல் சிவப்புப் பெருக்கல் அடையாளம் விழுந்தது.

வரி போயிற்றா, போகவில்லையா? தெரியவில்லை. அடாப்டரைப் பிடுங்கிச் செருகினாள். மறுபடி பிடுங்கி வேறு துளையில் செருகினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். அது நிதானமாக எழுந்து உட்கார்வதற்குள் அவள் கையில் இருந்த நகத்தையெல்லாம் கடித்துவிட்டாள். இணைப்பு திரும்பியபோது பக்கம் வெறுமையாக இருந்தது. இவள் பக்கம் அறுந்தால் இவள் பக்கத்தில் எல்லாம் அழிந்துபோகும், எதுவும் எங்கும் பதிவாகாது, அப்படித்தான் அந்த ஏற்பாடு. எழுதுகிறவர்களின் ரகசியத்துக்காகச் செய்தது. அன்று முறை முடியும் வரை வேறு யாருமே வரவில்லை. அவள் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை அவள் தானாகப் போன் செய்தாள் என்பதிலிருந்தே அவள் எவ்வளவு பயந்திருந்தாள் என்பதைப் புரிந்துகொள்ளலாம். போன் என்றாலே அவளுக்கு ஆகாது. போதாததற்குப் போன வருஷம் வீட்டுக்கு உலோகப் பூச்சுள்ள புது ஜன்னல் போட்டதிலிருந்து சமையலறை ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றால்தான் போனில் சிக்னல் வரும். அப்படி நின்றபடி, சேவையின் பொறுப்பாளர் காரினாவிடம் நடந்ததைச் சொன்னாள்.

"அவரக் கண்டுபிடிக்க வழி இருக்கா?"

"இல்ல ஹில்க்கா. பேரு கிடையாது, நம்பர் கிடையாது. அது இல்லங்கறதாலதான் அவங்க வர்றாங்க."

"இன்னொருத்தர்கிட்ட மறுபடி வந்திருப்பாரோ?"

"நேத்து கூட இருந்தவங்க, யார் யார் வந்தாங்கன்னு காலையிலயே சொல்லிட்டாங்க. அந்தப் பேர்ல யாரும் வரல." காரினா குரலைத் தணித்தாள். "உன் தப்பு இல்ல."

"நான் விலகிக்கறேன்."

"விலகணும்னா விலகு, யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க. ஆனா வியாழக்கிழமை அவர் வந்தா உன்னத்தான் தேடுவார்."

வந்தால். அந்த ஒரு சொல்லிலேயே ஹில்க்கா நின்றுவிட்டாள். வராவிட்டால் என்ன அர்த்தம் என்று அவளும் கேட்கவில்லை, காரினாவும் சொல்லவில்லை.

அதன் பிறகு வந்த நாட்கள் கொடுமையானவை. காலையில் காபியும் கறுப்பு ரொட்டியுமாக உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தால் நேரே மரண அறிவிப்புகளுக்குப் போவாள். சிலுவையும் கவிதை வரியுமாக ஒவ்வொரு பெட்டியாகப் படிப்பாள். யாரைத் தேடுகிறாள்? பெயரா தெரியும், வயதா தெரியும்? வயதானவர் என்றால் கொஞ்சம் மூச்சு விடுவாள். இளம் வயது என்றால் ரொட்டி உள்ளே இறங்காது. "திடீரென்று எங்களைவிட்டுப் பிரிந்த" என்று ஒரு பெட்டியில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், காபி ஆறிப்போயிற்று.

"அது படகு விபத்து. முதல் பக்கத்துல போட்டிருக்கான் பாரு" என்றான் என்சியோ.

அவனுக்கு முழு விவரம் தெரியாது, சொல்லவும் கூடாது. இணைப்பு அறுந்தது மட்டும் தெரியும். ஆனால் நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவனுக்கு முகத்தைப் பார்த்தால் போதாதா? திங்கட்கிழமை காலை டிவியை அவனாகவே அணைத்தான். "கடைக்குப் போயிட்டு வா ஹில்க்கா. தட்டுல தொங்கறத எடுக்காத. உள்ள போ. வாயத் திறந்து கேளு."

கடைக்குப் போகிற வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்தாள். வாசலில் ஈரப்பனியை மிதியடியில் தட்டித் தட்டி, அதற்குமேல் தட்டுவதற்குப் பனி இல்லாத பிறகு உள்ளே போனாள். விற்பனைப் பெண் விர்ப்பி ஐம்பது வயதுக்காரி, கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதைத் தேடுகிற ரகம்.

"எனக்கு அறுந்து போகாத வைஃபை வேணும்" என்றாள் ஹில்க்கா. மனப்பாடம் செய்த வாக்கியம் இது இல்லை.

"எல்லாருக்கும் அதான் வேணும்" என்றாள் விர்ப்பி. ஹில்க்காவின் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் மாறிற்று. "உக்காருங்க. உங்க வீடு எப்படி இருக்கும்னு இதுல வரைஞ்சு காட்டுங்க."

ஹில்க்கா ஒரு விளம்பரத்தாளின் பின்பக்கம் வரைந்தாள். இங்கே கூடம், இங்கே மோடம் பெட்டி, இது நடை, இது குளியலறை, இது கோடி அறை.

"நடுவுல என்ன இருக்கு?"

"ஒன்னுமில்ல. குளியலறை மட்டும்தான்."

விர்ப்பி மூன்று டப்பாக்களை மேஜையில் வைத்தாள். ஒன்று பெட்டியைத் திறந்து உள்ளே பொருத்துகிற அட்டை. "இது கெட்டியானது. ஆனா பெட்டியக் கழட்டணும். உங்களால முடியலன்னா இங்க கொண்டாந்து குடுங்க, அடுத்த வாரம் ரெடியாயிடும்." அடுத்த வாரம் என்றதும் ஹில்க்கா தலையை ஆட்டி மறுத்தாள். இரண்டாவது, நான்கு கொம்பு முளைத்த கறுப்புப் பூச்சி போல ஒன்று. கம்ப்யூட்டரின் முதுகிலேயே நேராகச் செருகுவது. "இதுக்கு சக்தி அதிகம்." மூன்றாவது சாதாரணமாக இருந்தது. ஒரே ஒரு கொம்பு, கீழே ஒரு சின்ன பீடம், நீளமான வயர். "இதுவும் பரவாயில்ல, தூரமா தள்ளி வச்சுக்கலாம். ஆனா சக்தி அதவிடக் கம்மி."

ஹில்க்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். சின்னதாக இருக்கிறது, சாதுவாக இருக்கிறது என்று வாங்கித்தானே அந்தக் கதி வந்தது? இந்தத் தடவை பயத்தை வைத்தே முடிவு செய்தாள். எதைப் பார்த்தால் அதிகம் பயமாக இருக்கிறதோ அதுதான் பலசாலி. நான்கு கொம்பை எடுத்தாள்.

அதுவும் அறுந்தது. செவ்வாய்க்கிழமை முழுக்க உட்கார்ந்து சோதித்தாள். வானிலைப் பக்கத்தைத் திறந்து வைத்து மறுபடி மறுபடி புதுப்பித்தாள். வரும், வரும், வரும், நின்றுவிடும். சிவப்புப் பெருக்கல். நான்கு கொம்பையும் வடக்கே திருப்பினாள், தெற்கே திருப்பினாள், கொம்புகளைக் கும்பிடாத குறை. கடைசியில் மேஜைமேல் தலையைச் சாய்த்து அழுதுவிட்டாள். நடையில் ஊன்றுகோல் சத்தம் வந்து கதவுக்கு வெளியே நின்றது. என்சியோ உள்ளே வரவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, "காபி போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

புதன்கிழமை அவர்கள் வீட்டில் சவுனா நாள், குளியலறையை ஒட்டிய சின்ன மர அறையில் சூடான கல்லில் நீர் ஊற்றி ஆவியில் குளிக்கிற நாள். ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் இப்போதுதான் அனுமதி கொடுத்திருந்தார். என்சியோ காலையிலிருந்தே குழந்தை மாதிரி காத்திருந்தான். ஹில்க்காவுக்கு மனமே இல்லை. ஆனால் சவுனாவுக்குள் அவனைத் தனியாக விடக் கூடாது, ஈரப்பலகை வழுக்கும். அவனைக் கீழ்ப்பலகையில் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்து கல்லின்மேல் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினாள். சூடான ஆவி எழுந்து காதைச் சுட்டது. என்சியோ "ஆங்ங்" என்று பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

ஹில்க்கா கண்ணை மூடவில்லை. மூடினால் அந்த வரி வந்து நிற்கிறது. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் மூலையில் ஒரு மரப்பலகை காய்ந்து பிளந்து கொஞ்சம் விலகியிருந்தது. அந்த இடைவெளியில் விளக்கு பட்டு ஏதோ மின்னிற்று.

"அது என்ன, பளபளன்னு?"

என்சியோ ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "அலுமினியத் தாள். ஆவி சுவருக்குள்ள இறங்காம இருக்க. எல்லார் வீட்டுலயும் அடிச்சிருக்கும்."

"அந்த மூலையில மட்டுமா?"

"சுத்தி நாலு பக்கமும், கூரையும் சேத்து. நாம இப்ப தாள்ல சுத்தி நெருப்புல வச்ச மீன் மாதிரிதான் உக்காந்திருக்கோம்." அவன் நகைச்சுவைக்கு அவனே சிரித்தான்.

ஹில்க்கா அந்தச் சுவரையே பார்த்தாள். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன? கோடி அறை. சுவரை ஒட்டி என்ன? மேஜை. மேஜைக்கடியில், சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு கம்ப்யூட்டர். முதுகில் நான்கு கொம்பு. கூடத்து மோடம் பெட்டியிலிருந்து அங்கே போக வேண்டியதெல்லாம் இந்தப் பொட்டலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். இந்த வீட்டுப் படத்தை அவள் கையாலேயே வரைந்தாள். கூடம் போட்டாள், நடை போட்டாள், குளியலறை போட்டாள். சவுனாவைப் போடவே இல்லை. அது வீட்டில் இருக்கிற ஒரு பொருள் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

துவாலையைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடினாள்.

"கதவச் சாத்து! சூடெல்லாம் போகுது!" என்று என்சியோ கத்தினான்.

சொட்டச் சொட்டக் கோடி அறைக்குள் நின்று கைப்பேசியை நீட்டினாள். மேஜை ஓரத்தில் பிடித்தால் வைஃபை குறியில் ஒரே ஒரு கோடு. இரண்டடி தள்ளி வந்தால் இரண்டு. கதவுக்கு அருகே, நிலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் எல்லாக் கோடும் நிறைந்தது. கதவைச் சாத்திப் பார்த்தாள், அப்போதும் குறையவில்லை. வெறும் மரக்கதவு, அதற்கப்பால் நேராக நடை. 

வியாழக்கிழமை கடை திறக்கும்போது அவள் வாசலில் நின்றாள். வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுப்பது என்றால் அவளுக்கு உயிர் போகிற விஷயம். இருபது வருஷத்துக்கு முன் வாங்கிய, காலைக் கடிக்கிற பூட்ஸ் இன்னும் அலமாரியில் இருக்கிறது. இன்று பில்லையும் டப்பாவையும் நேராக விர்ப்பி முன்னால் வைத்தாள்.

"நடுவுல சவுனா இருக்கு" என்றாள்.

விர்ப்பி நெற்றியில் அடித்துக்கொண்டாள், தலைமேலிருந்த கண்ணாடி மூக்கில் வந்து விழுந்தது. "அட கடவுளே! எனக்குக் கேக்கத் தோணலையே. எங்க வீட்டுலயும்தான் இருக்கு. அத யாரு இடைஞ்சல்னு நினைப்பா?" என்றவள் ஒற்றைக் கொம்பும் பீடமும் நீள வயருமாக இருந்த டப்பாவை எடுத்தாள். "இத அதோட முதுகுல வைக்காதீங்க. கதவு நிலைக்கு மேல வைங்க. சக்தி முக்கியமில்ல, அது எங்க நிக்குதுங்கறதுதான் முக்கியம்."

மத்தியானத்துக்குள் வைத்தாயிற்று. வயரைச் சுவரின் ஓரமாக மேலே ஏற்றி, தரையில் ஒரு அங்குலம்கூடத் தொடாமல், கதவு நிலையின்மேல் பீடத்தை ஒட்டினாள். என்சியோ நாற்காலியில் உட்கார்ந்தபடி "இடது பக்கம்... இல்ல, என்னோட இடது" என்று அதிகாரம் செய்தான். நீலப் பொட்டு விளக்கு எரிந்தது. வானிலைப் பக்கம் வந்தது, மறுபடி வந்தது, மறுபடியும் வந்தது. அறுந்து போகும், இப்போது அறுந்து போகும் என்று சாயங்காலம் வரை காத்திருந்தாள். அறுந்து போகவில்லை. அதனால் பயம் குறைந்ததா? இல்லை. இத்தனை நாள் பயத்தைச் சுமத்த ஒரு அடாப்டர் இருந்தது. இப்போது மிச்சம் இருப்பது ஒரே ஒரு கேள்வி, சார்க்கி உயிரோடு இருக்கிறாரா என்பது.

முறை ஆரம்பித்தது. கணவனோடு சண்டை போட்ட ஒருவர் வந்தார். பேசினார்கள், போனார். வேலை போன ஒருவர் வந்தார். ஹில்க்கா ஒழுங்காகத்தான் பதில் எழுதினாள், ஆனால் கண் நொடிக்கு ஒரு தடவை நிலைக்கு மேல் நீல விளக்குக்குப் போயிற்று. பிறகு யாரும் வரவில்லை. முறை முடியப் போகிறது. கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று அதை ஏற்கெனவே கவிழ்த்து வைத்திருந்தாள். அவள் மனதில் ஒரு மரண அறிவிப்புப் பெட்டி, பெயர் இல்லாமல், திறந்து கிடந்தது.

டிங் என்றது.

சார்க்கி.

ஹில்க்காவின் வாயிலிருந்து என்ன சத்தம் வந்ததோ, கூடத்தில் ஹாக்கியின் ஒலி குறைந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஹலோ" என்று எழுதியிருந்தார். "போன வாரம் இருந்தவங்கதானா?"

"ஆமா."

"நன்றி சொல்ல வந்தேன்."

ஹில்க்கா காத்திருந்தாள். எழுத்துகள் மெதுவாக வந்தன.

"இங்கேதான் இருக்கேன்னு எழுதிட்டு அப்புறம் ஒன்னுமே சொல்லல நீங்க. பச்சைப் புள்ளி மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. எல்லாரும் ஏதாவது சொல்றாங்க. டாக்டரப் பாரு, நடந்துட்டு வா, நல்லதை நினை. நீங்க சும்மா கூட உக்காந்திருந்தீங்க. நானும் உக்காந்திருந்தேன். விடியற வரைக்கும் அந்தப் புள்ளியப் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

அந்த வரி போய்ச் சேர்ந்திருக்கிறது. இவள் பக்கம் அழிந்தாலும் அவர் திரையில் அந்த வரியும் புள்ளியும் அப்படியே நின்றிருக்கின்றன. அறுந்த இணைப்பை அந்த மனிதர் மௌனம் என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்வார்? அவள் தகப்பனார் அப்படித்தான் அம்மாவின் பக்கத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். நேற்றைக்கு முன்தினம் என்சியோ கதவுக்கு வெளியே நின்றதும் அப்படித்தானே? பேசாமல் இருப்பவன் போய்விட்டான் என்று அந்த ஊரில் யார் நினைப்பார்கள்?

அப்படியே விட்டுவிடலாம். சந்தோஷமாக இருக்கிறார். அவரைக் காப்பாற்றியது ஒரு பச்சைப் புள்ளி என்றால் அது பொய்யாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே. உண்மையைச் சொன்னால் அந்த ராத்திரி மறுபடி அவர்மேல் இடிந்து விழுந்தால்? ஹில்க்காவின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய பயம் வந்ததில்லை. "பரவாயில்லை" என்று அடித்தாள். அழித்தாள். நாளைக்கு இன்னொரு ராத்திரி வரும், அவர் மறுபடி ஒரு புள்ளியை நம்பி உட்காருவார், அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள். அதை நினைத்தபோது உண்மையைச் சொல்கிற பயம் சின்னதாகிவிட்டது.

"என் இணைப்பு அறுந்துபோச்சு" என்று எழுதினாள். "அந்த வரி எழுதின உடனேயே. நான் அங்க இல்ல. இருக்கணும்னு எவ்வளவோ முயற்சி பண்ணேன், முடியல. என்னை மன்னிச்சிடுங்க."

பொத்தானை அழுத்தினாள்.

ஒன்றும் வரவில்லை. நீல விளக்கைப் பார்த்தாள், எரிந்துகொண்டிருந்தது. இணைப்பு இருக்கிறது. அப்படியானால் பேசாமல் இருப்பது அவர்தான். இருக்கீங்களா என்று கேட்க விரல் துடித்தது. கேட்கவில்லை. கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். போன வாரம் அந்தப் பக்கத்தில் அவர் எப்படி உட்கார்ந்திருந்தாரோ, அப்படி இந்தப் பக்கத்தில் இவள் உட்கார்ந்திருந்தாள். முறை முடிந்துவிட்டது என்று திரையின் மேல் ஒரு அறிவிப்பு வந்தது, அதை மூடினாள்.

டிங்.

"மன்னிக்கணும், காபி வைக்கப் போயிருந்தேன்."

ஹில்க்கா சிரித்தாள், கூடவே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அடுத்த வரி வர நேரமானது.

"அப்போ அன்னைக்கு ராத்திரி என்கூட யாருமே இல்லயா?"

"இல்ல."

"விடியற வரைக்கும்?"

"விடியற வரைக்கும் யாரும் இல்ல."

மறுபடி இடைவெளி. இந்தத் தடவை அவள் பயந்தபடியேதான் காத்திருந்தாள், ஆனால் காத்திருக்க முடிந்தது.

"அப்போ நானேதான் தாண்டியிருக்கேன்."

ஹில்க்கா அந்த வரியை இரண்டு தடவை படித்தாள்.

"ஆமா" என்று எழுதினாள். "நீங்களேதான்."

"நாளைக்கு சுகாதார மையத்துல நேரம் வாங்கியிருக்கேன். போகலாமா வேண்டாமான்னு இருந்தேன். போறேன்." அடுத்த வரியாக, "காபி ஆறுது. குடிச்சு முடிக்கிற வரைக்கும் இருக்கீங்களா? பேச வேண்டாம்."

"இருக்கேன்" என்று எழுதினாள்.

அதன் பிறகு இரண்டு பேரும் எதுவும் எழுதவில்லை. கூடத்தில் ஆட்டம் முடிந்து என்சியோ டிவியை அணைத்தான். ஊன்றுகோல் சத்தம் நடையில் வந்து கதவருகே கொஞ்சம் நின்று, படுக்கையறைக்குப் போனது. ஹில்க்கா நாற்காலியைத் திருப்பி, கதவு நிலையின்மேல் இருந்த அந்தச் சின்ன நீல விளக்கையும் திரையையும் ஒருசேரப் பார்க்கிற மாதிரி போட்டுக்கொண்டாள். அவர் காபி குடித்து முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.